கால்பந்து பாட்காஸ்ட் கேட்டு இங்கிலீஷ்: ஸ்கோர் புரியுது, பேச்சு புரியலை

இடதுவிங் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. பிரீமியர் லீக் மேட்ச் ரிப்போர்ட்டை இங்கிலீஷ்ல படிச்சா பெரும்பாலும் புரியுது. தெரியாத வார்த்தை வந்தா போன்ல தட்டிப் பாத்துக்கலாம். ஆனா அதே மேட்ச்சைப் பத்தின பாட்காஸ்ட்டைப் போட்டா பத்து நிமிஷத்துல காது களைச்சுப் போகுது. பிளேயர் பேரு, ஸ்கோர், பெனால்டி, ஆஃப்சைடு, இவ்வளவுதான் தங்குது. நடுவுல எல்லாரும் சிரிக்கிறாங்க, எதுக்குன்னு தெரியலை.

எந்த ஷோவுல ஆரம்பிக்கிறது? ஒரு மணி நேர எபிசோடை முழுசாக் கேக்கணுமா? வேகத்தைக் குறைச்சுக் கேட்டா தப்பா? இதுல வர்ற பேச்சை வேலைக்கான இன்டர்வியூல பேசலாமா? தெரிஞ்சவங்க விவரமா சொன்னா உதவியா இருக்கும். "தினமும் கேளுங்க, தானா வரும்"ங்கிற பதில் மட்டும் வேண்டாம் ப்ளீஸ்.

நடுக்களம்:

தானா வராது. அதுல நான் உங்க பக்கம்தான்.

உங்க சிக்கலுக்குக் காரணம் இங்கிலீஷ் குறைவா இருக்கிறது மட்டும் இல்லை, கால்பந்து அறிவு கூடுதலா இருக்கிறதும்தான். மேட்ச்சைப் பாத்தாச்சு. 2-1னு தெரியும், எந்த நிமிஷம் ரெட் கார்டு விழுந்துச்சுன்னு தெரியும். பாட்காஸ்ட்ல ரெண்டு பேரு காதுல விழுந்ததும் மிச்சத்தை மூளையே நிரப்பிக்குது. புரிஞ்ச மாதிரி ஒரு திருப்தி வேற. சோதிச்சுப் பாக்க ஒரு வழி இருக்கு. மூணு நிமிஷம் கேட்டதும் நிறுத்துங்க. மைதானத்துல என்ன நடந்துச்சுன்னு சொல்ல வேண்டாம். யார் என்ன நினைக்கிறார், எதனால, யார் அதை ஒத்துக்கலை, இதைத் தமிழ்லயே சொல்லிப் பாருங்க. சொல்ல வரலைன்னா அந்த மூணு நிமிஷமும் நீங்க கேட்டது உங்க ஞாபகத்தை, அவங்க பேச்சை இல்லை.

அதனால பயிற்சிக்கு எடுக்கிற துண்டு இப்படி இருக்கணும்: மேட்ச் உங்களுக்குத் தெரிஞ்சதா இருக்கணும், பேசுறவங்க கருத்து தெரியாததா இருக்கணும். கோல் எப்படி விழுந்துச்சுன்னு விவரிக்கிற பகுதி உங்களுக்கு வேஸ்ட். "அந்த கோச்சை மாத்தணுமா", "அந்த பெனால்டி நியாயமா"ன்னு சண்டை போடுற பகுதிதான் சரக்கு.

எங்க ஆரம்பிக்கிறது: கிணத்துல நீச்சல் பழகிட்டு ஆத்துல இறங்குற கதைதான். கிணறு ரெண்டு இருக்கு. ஒண்ணு பிரீமியர் ஸ்கில்ஸ் இங்கிலீஷ். பிரிட்டிஷ் கவுன்சிலும் பிரீமியர் லீக்கும் சேர்ந்து மொழி கத்துக்கிறவங்களுக்காகவே நடத்துறது, இலவசம். நிதானமாப் பேசுவாங்க, பேச்சோட எழுத்து வடிவமும் கிடைக்கும், கால்பந்துச் சொற்றொடர் ஒண்ணைப் புதிரா வச்சு கண்டுபிடிக்கச் சொல்வாங்க. இன்னொண்ணு லாங்குவேஜ்காஸ்டர். 2006ல இருந்து ஓடுது. கால்பந்து வழக்குச் சொற்களுக்குன்னே பெரிய அகராதி மாதிரி ஒரு பட்டியல் வச்சிருக்காங்க, அது தனியாவே உபயோகம். இந்த ரெண்டுலயும் நாலஞ்சு வாரம் இருந்துட்டு ஆத்துக்கு வாங்க. முதல்ல "த ரெஸ்ட் இஸ் ஃபுட்பால்". கேரி லினேக்கர் பல வருஷம் டிவியில தொகுத்தவர், வாக்கியத்தை முடிச்சுட்டுத்தான் அடுத்ததுக்குப் போவார். அவர் குரலைப் பிடிச்சுக்கிட்டு, கூடப் பேசுற முன்னாள் ஆட்டக்காரங்க ஷியரர், ரிச்சர்ட்ஸ் பேச்சைத் தொடரலாம். கார்டியன் பத்திரிகையோட "ஃபுட்பால் வீக்லி"யைக் கடைசிக்கு வைங்க. அதுல பாதி சிலேடையும் கிண்டலும். நீங்க சொன்ன "எதுக்குச் சிரிக்கிறாங்க" வியாதி அங்கதான் முத்தும்.

முழு எபிசோடு வேண்டாம். மூணு நிமிஷத் துண்டு ஒண்ணு போதும். இயல்பான பேச்சுல நிமிஷத்துக்கு 160, 170 வார்த்தை வரும், அப்போ மூணு நிமிஷத்துல ஏறக்குறைய 500 வார்த்தை. ஒரு நாள் வேலைக்கு அது தாராளம்.

செய்யுற வரிசை இது. முதல் தடவை எழுத்து எதுவும் பாக்காம, நிறுத்தாம, முழு வேகத்துல கேளுங்க. மேல சொன்ன மூணு கேள்விக்கும் ஒரு வரி பதில் எழுதுங்க, தப்பா இருந்தாலும். ரெண்டாவது தடவை அதுல ஒரு நிமிஷத்தை மட்டும் எடுத்து, அஞ்சாறு வினாடிக்கு ஒருமுறை நிறுத்தி, காதுல விழுந்ததைப் பேப்பர்ல எழுதுங்க. ஒரே இடத்தை அஞ்சு தடவைக்கு மேல கேக்காதீங்க, கோடு போட்டு இடம் விட்டுட்டுப் போயிடுங்க. மூணாவதா டிரான்ஸ்கிரிப்ட்டோட ஒப்பிடுங்க. ஆப்பிள் பாட்காஸ்ட்ல 2024 மார்ச்ல வந்த ஐஓஎஸ் 17.4ல இருந்து இங்கிலீஷ் எபிசோடுக்குத் தானா எழுத்து வருது. ஆண்ட்ராய்டுன்னா அதே எபிசோடு யூடியூப்ல இருந்தா அங்க வர்ற தானியங்கி சப்டைட்டில் போதும்.

அடுத்ததுதான் முக்கியம், பலரும் தாண்டிப் போற இடம். விட்ட ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்துல காரணம் குறிங்க. மூணு காரணம்தான் இருக்க முடியும். வார்த்தையே தெரியாது. வார்த்தை தெரியும், ஒலி பிடிபடலை. ஒலியும் வார்த்தையும் தெரியும், அர்த்தம் புரியலை. ரிப்போர்ட் படிச்சா புரியுதுன்னு சொல்றீங்க இல்லையா, அப்போ உங்க குறியில பெரும்பகுதி ரெண்டாவதுலதான் விழும். அதாவது அகராதி உங்களுக்கு மருந்து இல்லை. "ஷுட் ஹேவ் ஸ்கோர்ட்"னு படிச்சிருப்பீங்க. அவங்க வாயில அது "ஷுடஸ்கோர்ட்". "வுட் ஹேவ்" வெறும் "வுடவ்". பாட்காஸ்ட்ங்கிறதே "அடிச்சிருக்கணும், கொடுத்திருக்கலாம், மாத்தியிருக்கக் கூடாது"ங்கிற புலம்பல்தானே, அதனால இந்த "ஹேவ்" நிமிஷத்துக்கு ஒருமுறை வரும். அதை விட்டா "அடிக்கணும்"ங்கிறதுக்கும் "அடிச்சிருக்கணும்"ங்கிறதுக்கும் வித்தியாசம் தெரியாமப் போயிடும்.

வேகம் பத்தி: 0.85 வரைக்கும் குறைக்கலாம், எழுதுற நேரத்துக்கு மட்டும். 0.75க்குக் கீழ போனா ஒட்டிப் பேசுற ஒலிகள் இழுபட்டு வேற ஒண்ணாக் கேக்கும், அப்புறம் முழு வேகத்துல அது அடையாளம் தெரியாது. எப்பவும் கடைசித் தடவை 1.0லதான் முடிக்கணும்.

எல்லாம் சேர்த்து 25 நிமிஷம். வாரத்துக்கு நாலு நாள்.

ஆஃப்_த_போஸ்ட்:

நடுக்களம் சொன்னதுல ஒண்ணை மட்டும் மறுக்கிறேன். கோல் விவரிப்பு வேஸ்ட் இல்லைங்க. தமிழ்ல வேற்றுமை உருபு சொல்லோட ஒட்டிக்கும், "வலைக்குள்", "கம்பத்தில்"னு. இங்கிலீஷ்ல அந்த வேலையைச் செய்யுறது தனியா நிக்கிற குட்டி வார்த்தைகள். அதுங்க காதுல விழாது, விழாட்டி அர்த்தம் தலைகீழாகும். அதைப் பழக கோல் கமென்டரி மாதிரி நல்ல இடம் இல்லை, ஏன்னா பதில் கண் முன்னாடி ஓடுது.

"ஹிட் த போஸ்ட்"னா கம்பத்துல பட்டுச்சு, கோல் இல்லை. "இன் ஆஃப் த போஸ்ட்"னா கம்பத்துல பட்டு உள்ள போச்சு. "சென்ட் ஆஃப்"னா ரெட் கார்டு, "சென்ட் ஆன்"னா மாற்று ஆட்டக்காரரா இறக்கிவிட்டாங்க. ஒரு மெய்யெழுத்துதான் வித்தியாசம். "கால்ட் ஆஃப்"னா மேட்ச் ரத்து, "கால்ட் அப்"னா தேசிய அணிக்குத் தேர்வு. "ரூல்ட் அவுட்" ஆளுக்கு வந்தா காயத்தால ஆட மாட்டார், கோலுக்கு வந்தா செல்லாதுன்னு அறிவிச்சுட்டாங்க.

"ட்ராப்" இன்னும் மோசம். "ஹி வாஸ் ட்ராப்ட்" அணியை விட்டுத் தூக்கிட்டாங்க. "ஹி ட்ராப்ட் டீப்" பின்னால இறங்கி வந்து ஆடினார். "தே ட்ராப்ட் பாயின்ட்ஸ்" ஜெயிக்க வேண்டியதை விட்டுட்டாங்க, டிராவா இருந்தாலும் இதையே சொல்வாங்க. "த கீப்பர் ட்ராப்ட் இட்" மட்டும்தான் நாம நினைக்கிற "கீழ போட்டான்".

ஹைலைட்ஸ்ல ஒரு கோலை எடுத்து 20 வினாடியைத் திருப்பித் திருப்பி ஓட விடுங்க. கம்ப்யூட்டர்ல விஎல்சி பிளேயர் இருந்தா ஏ-பி லூப்னு ஒரு வசதி இருக்கு, ஆரம்பமும் முடிவும் குறிச்சா அந்தத் துண்டு மட்டும் சுத்தும். ரெண்டு தடவை படத்தோட, அப்புறம் திரையைத் திருப்பி வச்சுட்டு ஒலி மட்டும். நாளுக்கு ஒரு கோல் போதும். இதைப் பாட்காஸ்ட்டுக்குப் பதிலா இல்லை, முன்னாடி செய்யுங்க.

தேம்ஸ்கரை:

லண்டனில இருந்து எழுதுறன். உச்சரிப்பைப் பற்றி ஒருத்தரும் இன்னும் சொல்லேல்லை, பாதிச் சிக்கல் அதுதான். பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச இங்கிலீஷை உதைபந்தாட்டப் பொட்காஸ்ட்டில கதைக்க மாட்டினம். விளையாடின ஆக்கள் தங்கட ஊர்ப் பேச்சோடதான் வந்து இருப்பினம்.

"ஸ்டிக் டு ஃபுட்போல்" எண்ட நிகழ்ச்சி இதுக்கு நல்ல உதாரணம். கேரி நெவில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில பரி எண்ட ஊர். ஜேமி கராகர் லிவர்பூலுக்குப் பக்கத்தில பூட்டில். ரோய் கீன் அயர்லாந்தின்ர கோர்க். இயன் ரைட் தென் லண்டன். ஜில் ஸ்கொட் சண்டர்லண்ட். ஒரே மேசையில அஞ்சு இங்கிலீஷ். தொடக்கத்தில இருக்கிற ஆள் இதில குதிச்சால் தலை சுத்தும். ஆனா என்ன மாறுது எண்டு முன்னமே தெரிஞ்சால் பாதி விளங்கிடும்.

வடக்கில "கப்", "க்ளப்", "லக்" எண்டது "குப்", "க்ளுப்", "லுக்" மாதிரிக் கேக்கும். அதிர்ஷ்டத்தைச் சொல்லினமா, பாக்கச் சொல்லினமா எண்டு இடத்தை வைச்சுத்தான் பிடிக்க வேணும். லிவர்பூல் பேச்சில சொல்லுக் கடைசியில வாற "க்" உரசிக்கொண்டு "ஹ்" மாதிரி வரும், "பேக்" எண்டது "பேஹ்" எண்டு கேக்கும். "ஃபேர்" எண்டதும் "ஃபர்" எண்டதும் அவையளுக்கு ஒரே ஒலி. லண்டன் பேச்சில "திங்க்" எண்டது "ஃபிங்க்" ஆகும், "கோல்" கடைசி "ல்" கரைஞ்சு "கோவ்" ஆகும், "மேட்டர்" நடுவில இருக்கிற "ட்" தொண்டையில நிண்டுடும், வாயில வராது. கோர்க் ஆக்கள் "த்ரீ"யை "ட்ரீ" எண்டுவினம், ஏற்ற இறக்கம் பாட்டு மாதிரிப் போகும். நாங்கள் தமிழில சொல்லுற "த" ஐரிஷ் ஆக்களின்ர ஒலிக்குக் கிட்ட இருக்கிறதால எங்களுக்கு அது மற்ற ஆக்களை விட லேசு.

ஊர்ப் பேரையும் ஒருக்கால் பாத்து வையுங்கோ. எழுத்தை நம்பினால் காதில விழாது. சொல்லுற விதம் இது: லெஸ்டர், நொரிட்ஜ், டொட்னம், ஃபுலம், டார்பி. கடைசியா எழுதினது ஊருக்கும் பேர், ஒரே ஊர் அணிகள் மோதுற ஆட்டத்துக்கும் பேர். ஜில்லிங்கம் எண்ட அணிக்கு முன்னால "கி" இல்லை, "ஜி".

ஒரு மாசத்துக்கு ஒரே குரல். முதலில லினேக்கர், பிறகு ஒரு வடக்கு ஆள், பிறகு ஒரு லண்டன் ஆள். கீனைக் கடைசிக்கு விடுங்கோ. உச்சரிப்பு இல்லைக் காரணம், ஆள் ஒரு சொல்லில மறுமொழி சொல்லிப்போட்டு மற்ற ஆக்களைச் சிரிக்க வைக்கிறதால. சந்தர்ப்பம் தெரியாட்டி விளங்காது.

இன்னொண்டு. இது தொலைக்காட்சி இல்லை, பொட்காஸ்ட். கெட்ட வார்த்தை வரும், சிரிச்சுக்கொண்டு சொல்லுவினம். விளங்கிக்கொள்ளுங்கோ, வேலையிடத்தில எடுத்து விடாதேங்கோ.

இடதுவிங்:

எல்லாருக்கும் நன்றி. நேத்து ஒரு நிமிஷத்தை எழுதிப் பாத்தேன், விட்ட 31 இடத்துல 22 ரெண்டாவது காரணம்தான். ரெண்டு சந்தேகம். ஆங்கி ஆப்ல வார்த்தை ஒரு பக்கம், அர்த்தம் மறுபக்கம்னு கார்டு போட்டா கார்டுல ஞாபகம் வருது, பேச்சுல வந்தா தெரிய மாட்டேங்குது. ஏன்? அப்புறம் "இஃப் ஹி ஸ்கோர்ஸ் தட், இட்ஸ் கேம் ஓவர்"னு ஒருத்தர் சொன்னார். மேட்ச்தான் முடிஞ்சு போச்சே, இனிமே எப்படி அடிப்பார்?

ஸ்வீப்பர்:

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் பாடப்புத்தகம் படித்தவர்களை அதிகம் தடுமாற வைப்பது இதுதான். "அவர் அதை அடித்திருந்தால் ஆட்டம் அப்போதே முடிந்திருக்கும்" என்பதற்குப் பள்ளி இலக்கணம் "இஃப் ஹி ஹேட் ஸ்கோர்ட், இட் வுட் ஹேவ் பீன்..." என்று நீளும். கால்பந்துப் பேச்சில் அதே பொருளை நிகழ்கால வடிவில் சொல்வார்கள்: "இஃப் ஹி ஸ்கோர்ஸ் தட், இட்ஸ் கேம் ஓவர்." வடிவம் நிகழ்காலம், பொருள் நடக்காமல் போன கடந்தகாலம். "தட்", "தேர்" என்று ஒரு குறிப்பிட்ட தருணத்தைச் சுட்டும் சொல் கூடவே வரும். அதுதான் அடையாளம்.

இதோடு சேர்த்துப் பழக வேண்டிய இன்னொன்று, கதை சொல்லும்போது வரும் "ஹேவ்" வடிவம். "ஹீஸ் பிக்ட் இட் அப், ஹீஸ் லுக்ட் அப், ஹீஸ் ஹிட் இட்." இங்கே "ஹீஸ்" என்பது "ஹி ஹேஸ்". நேற்று நடந்ததைச் சொல்லும்போது நமக்குக் கற்பித்தது வெறும் இறந்தகால வடிவம். முன்னாள் ஆட்டக்காரர்கள் வரிசையாக நடந்தவற்றை இப்படித்தான் அடுக்குவார்கள். "ஹி வாஸ் ஸ்டுட் தேர்", "வி வாஸ் அன்லக்கி" போன்றவையும் வரும். முதலாவது வடக்குப் பேச்சிலிருந்து இன்று பரவலாகிவிட்டது, இரண்டாவது வட்டார வழக்கு. இவை அனைத்தையும் காது ஏற்றுக்கொள்ளட்டும், வாய் ஏற்றுக்கொள்ள வேண்டாம். நேர்முகத்திலும் ஐஇஎல்டிஎஸ் பேச்சுத் தேர்விலும் கேட்பவர் இவற்றைப் பிழையாகவே எடுத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

"ஆர்சனல் ஆர்", "சிட்டி ஹேவ்" என்று அணியைப் பன்மையாகச் சொல்வது பிழையல்ல. கிரிக்கெட்டில் "இண்டியா ஆர் பேட்டிங்" என்று கேட்டுப் பழகியதுதான்.

கிரிக்கெட் காது ஓரிடத்தில் நம்மை ஏமாற்றும். அங்கே "டை" என்றால் ஓட்டங்கள் சமம். கால்பந்தில் "டை" என்பது கோப்பைப் போட்டியின் ஒரு மோதல், சமநிலை அல்ல. சமநிலைக்கு "ட்ரா". அதே "ட்ரா" அடுத்த சுற்றில் யாருக்கு யார் என்று குலுக்கிப் போடுவதற்கும் வரும். "கெட் அ ரிசல்ட்" என்பதை முடிவு தெரிவது என்று எண்ணிவிடாதீர்கள், வெற்றியையோ பலமான அணியிடம் தோற்காமல் தப்பியதையோ சொல்வது. "பாட்டில்" என்பது துணிச்சல், "பாட்டில்ட் இட்" என்றால் கடைசி நேரத்தில் பயந்து கோட்டை விட்டார்கள்.

சிரிப்புக்குக் காரணம் தெரியவில்லை என்றீர்கள். பெரும்பாலும் அது குறைத்துச் சொல்லும் பழக்கம். "நாட் பேட்", "டீசன்ட்", "யூஸ்ஃபுல்" மூன்றும் பாராட்டு, சில நேரம் பெரிய பாராட்டு. "வித் ரெஸ்பெக்ட்" என்று தொடங்கினால் அடுத்து வருவது அடி. குரல் தட்டையாகவும் சொல் இனிப்பாகவும் இருந்தால் கேலி என்று கொள்ளுங்கள். இன்னொரு வகைச் சிரிப்பு பழைய குறிப்புகளிலிருந்து வரும். "பார்க் த பஸ்" 2004இல் டாட்னம் அணியோடு 0-0 முடிந்ததும் அப்போதைய செல்சி பயிற்சியாளர் மொரீனியோ சொன்னதிலிருந்து பரவியது. எல்லோரும் கோலுக்கு முன் நின்று அடைத்துக்கொள்வது. "ஸ்க்வீக்கி பம் டைம்" 2003இல் அப்போதைய மான்செஸ்டர் யுனைடெட் பயிற்சியாளர் ஃபெர்குசன் சொன்னது, பட்டத்துக்கான கடைசிக்கட்டப் பதற்றம். இரண்டாவதை நேர்முகத்தில் சொல்லிவிடாதீர்கள், உட்காரும் இடத்தோடு தொடர்புடையது.

நேர்முகத்துக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை கால்பந்துச் சொற்களே அல்ல. கருத்தை மென்மையாக வைப்பது, பாதி ஒத்துக்கொண்டு மறுப்பது, இவற்றுக்கான தொடர்கள்தான். "டு பி ஃபேர்" எதிர்த் தரப்புக்கு ஒரு நியாயத்தைக் கொடுத்துவிட்டுப் பேசுவது. "ஐ டேக் யுவர் பாயின்ட், பட்" மறுப்பு. "ஐட் கோ அ பிட் ஃபர்தர்" ஒத்துக்கொண்டு இன்னும் அழுத்துவது. "ஃபார் மி" என்று தொடங்கினால் சொந்தக் கருத்து. "ஐம் நாட் ஹேவிங் தட்" நண்பர்களுக்கிடையில் மட்டும், மேலாளரிடம் முரட்டுத்தனமாக இருக்கும். "கிக் ஆஃப்", "ஓன் கோல்", "மூவிங் த கோல்போஸ்ட்ஸ்", "சைட்லைன்ட்" ஆகியவை அலுவலகப் பேச்சில் ஏற்கெனவே புழங்குகின்றன. இவற்றைத் தயங்காமல் பயன்படுத்தலாம்.

இப்போது கார்டு. உங்கள் கார்டு கண்ணைச் சோதிக்கிறது, பாட்காஸ்ட் காதைச் சோதிக்கிறது. ஒன்றில் பழகியது மற்றதில் வராது. முன்பக்கத்தில் எழுத்தே வேண்டாம், நான்கைந்து வினாடி ஒலித்துண்டு மட்டும். பின்பக்கம் அந்த முழு வாக்கியமும், அதன் கருத்து தமிழில் ஒரு வரியும். தனிச்சொல்லுக்கு அர்த்தம் எழுதாதீர்கள். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் எபிசோடைத் திறந்து, வேண்டிய இடத்தைத் தேர்ந்து, எம்பி3 ஆகச் சேமித்து கார்டில் சேர்க்கலாம். வாக்கியத்தின் தொடக்கத்துக்கு அரை வினாடி முன்னாலிருந்து வெட்டுங்கள், ஒட்டி வெட்டினால் முதல் ஒலி அறுந்துவிடும். ஒரு வாக்கியத்தில் தெரியாதது ஒன்றுதான் இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து புதிய கார்டு. பத்துப் பதினைந்து என்று போட்டால் மூன்றாவது வாரத்தில் மறுபார்வைக் குவியல் ஏறி, ஆப்பையே திறக்க மாட்டீர்கள். ஆண்ட்ராய்டில் ஆங்கிட்ராய்டு இலவசம், ஐபோன் ஆப்புக்குக் காசு.

ஒரே பொருளில் தங்கியிருப்பதன் லாபமும் இங்கேதான். மொழியியலாளர் பால் நேஷன் 2006இல் வெளியிட்ட கணக்கின்படி, இங்கிலீஷ் பேச்சில் நூற்றுக்கு 98 சொல் தெரிந்திருக்க 6,000 முதல் 7,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து வரும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) தேவை. ஆனால் கால்பந்துக்குள்ளேயே இருந்தால் அதே சொற்கள் வாரத்துக்கு வாரம் திரும்பி வரும். இன்று அரசியல், நாளை சமையல் என்று தாவுகிறவருக்கு அந்தத் திரும்பல் கிடைக்காது.

வலதுபேக்:

பேசிப் பழகுறதைப் பத்தி யாரும் சொல்லலை, சுருக்கமா சேர்த்துக்கிறேன். கேட்ட மூணு நிமிஷத்தை உங்க வார்த்தையில ரெண்டு நிமிஷம் பேசி போன்ல ரெக்கார்ட் பண்ணுங்க. உடனே அதையே ஒன்றரை நிமிஷத்துல. மறுபடி ஒரு நிமிஷத்துல. விஷயம் மாறக் கூடாது, தயக்கம்தான் குறையணும். மூணாவது ரெக்கார்டிங்கை மட்டும் கேட்டுப் பாருங்க.

தமிழ் வாயில வழக்கமா சறுக்குற இடம் நாலு. மெய்யில முடியுற சொல்லுக்குப் பின்னால "உ" ஒட்டுறது: கோலு, பாஸு. ஃபவுல்ல வர்ற ஒலியைப் "பவுல்"னு பகரமாச் சொல்றது. "பாஸ்ட்", "மிஸ்ட்"ல கடைசி "ட்" விழுங்குறது, இதனால நடந்ததா நடக்கப் போறதான்னு கேக்குறவருக்குத் தெரியாது. நாலாவது, எல்லா அசையையும் சமமா அடிக்கிறது. இங்கிலீஷ்ல ரெண்டு மூணு சொல்லை அழுத்தி மத்ததை விழுங்குவாங்க. ஒரு வாக்கியத்தை எடுத்து, எங்க குரல் ஏறுதோ அங்க மட்டும் மேசையில தட்டிக்கிட்டே கூடச் சொல்லுங்க. அரை நிமிஷத் துண்டு, அஞ்சு தடவை. அதுக்கு மேல போனா வாய் தேஞ்சு, கவனம் போயிடும்.

இடதுவிங்:

அஞ்சு தடவைங்கிறது நல்லாருக்கு, இவ்வளவு நாள் இருபது தடவை சொல்லிட்டு இருந்தேன். கடைசியா ஒண்ணு: எந்த நாள்ல எந்த எபிசோடு?

நடுக்களம்:

சனிக்கிழமை லண்டன் நேரம் மதியம் 3 மணி மேட்ச் நமக்கு ராத்திரி ஏழரை. அக்டோபர் கடைசி ஞாயிறு அங்க கடிகாரத்தைப் பின்னால தள்ளினதும் அது எட்டரை ஆகும், மார்ச் கடைசி ஞாயிறு வரைக்கும் அப்படித்தான். ஒரு மேட்ச்சை முழுசாப் பாருங்க. ஞாயிறு காலையில ரிப்போர்ட் ஒண்ணைப் படிச்சு பேரு, நிமிஷம், மாற்று ஆட்டக்காரர் விவரம் எல்லாம் தெளிவாக்கிக்கங்க. வார இறுதி பத்தின எபிசோடு பெரும்பாலும் திங்கள்கிழமை வந்துடும். திங்கள், செவ்வாய் கேட்டு எழுதுறது, புதன் கார்டு, வியாழன் பேசிப் பதிவு பண்றது. டேட்டா கவலை வேண்டாம், 128 கேபிபிஎஸ் தரத்துல நிமிஷத்துக்கு ஒரு எம்பிதான், வைஃபைல இறக்கி வச்சுக்கங்க.

எபிசோடு ஆரம்பத்து அஞ்சு நிமிஷத்தை எடுக்காதீங்க, அரட்டையும் விளம்பரமும்தான் இருக்கும். பன்னிரண்டாவது நிமிஷத்துக்கு மேல தேடுங்க, அப்பதான் சண்டை சூடு பிடிச்சிருக்கும். தானியங்கி எழுத்துல பிளேயர் பேரும் எண்ணும் அடிக்கடி தப்பா வரும், "ஷுட் ஹேவ்" சில இடத்துல "ஷுட் ஆஃப்"னு வரும். உங்க காதும் எழுத்தும் ஒத்துப் போகலைன்னா உடனே காதைச் சந்தேகப்படாதீங்க.

தேசிய அணிகளுக்காக லீக் நிறுத்தற வாரங்கள்ல புது எபிசோடைத் தொடாதீங்க. பேச மேட்ச் இருக்காது, பழங்கதையும் நேயர் கேள்வியும்தான் ஓடும், உங்களுக்குப் பிடிமானம் இருக்காது. அந்த வாரம் ஒரு மாசம் முன்னாடி எழுதின பேப்பரை எடுத்து, அதே நிமிஷத்தை மறுபடி எழுதிப் பாருங்க. 22 எவ்வளவா குறைஞ்சிருக்குன்னு இங்க வந்து போடுங்க.